குமிழும் ஒரு சட்டித் தண்ணீரும்

எங்கள் அண்ணா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் ‘கேம் கடை அண்ணன்’. அவரோடு அதிகம் சண்டை பிடித்த தங்கை நான். ஆகவே எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

பனிச்சங்கேணியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அண்ணா பிறந்தார். அப்பா வாவியில் மீன்பிடித்தவர். அவர் காலமானபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போய், ஒரு விளையாட்டு மண்டபத்தில் வீடியோ கேம் பெட்டிகளைத் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். துடைத்தவர் திறந்து பார்த்தார். திறந்தவர் திருத்தவும் பழகிக்கொண்டார். மண்டபம் மூடப்பட்டபோது பழைய பெட்டிகள் இரண்டை வாங்கி லொறியில் ஏற்றிவந்து கல்லடியில் கடை போட்டார். எங்களைக் கரைசேர்ப்பதிலேயே வயது போய்விட்டதால் அவர் கல்யாணம் செய்யவில்லை. நாவற்குடாவில் என் வீட்டிலேயே இருந்தார்.

அவரது கெட்டித்தனம் குமிழில்தான். திரையில் பந்தைத் தட்டும் பலகையை நகர்த்த, கையால் சுழற்றும் ஒரு குமிழ் அந்தப் பெட்டிகளில் இருக்கும். பல வருடம் சுழற்றியதில் தண்டு தேய்ந்து ஆடும், இறுகும். அண்ணா தேய்ந்த பித்தளை வளையத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கடைந்து போடுவார். விரலால் ஒருமுறை தட்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை பெட்டியை மூட மாட்டார். கொழும்பிலிருந்தும் பஸ்ஸில் பார்சலாகக் குமிழ்கள் வரும். வயரும் தண்டுமாக இருந்ததால், போர்க்காலச் சோதனைச் சாவடியில் அவை குண்டோ என்று பிடிபட்டு, அரை நாள் வெயிலில் நின்று கழற்றிக் காட்டிய கதைகளை அவர் சிரித்தபடி சொல்வார். எங்களுக்குத்தான் சோறு இறங்காது.

குமிழுக்கு எண்ணெய் விட்டால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாகிவிடுமாம். நல்லது செய்வதாக நினைத்து நான் ஒருநாள் தேங்காயெண்ணெய் விட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சுனாமியில் என் கணவரைக் கடல் கொண்டுபோனது. ஏழு வயது மகள் பிழைத்தாள், ஆனால் அவளுடைய பேச்சு நின்றுவிட்டது. முகாமாக மாறிய பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்தோம். பொறுத்திருக்கச் சொன்னார்கள் டாக்டர்மார். அண்ணா கடைச் சேற்றிலிருந்து இரண்டு பெட்டிகளையும் மீட்டு, தப்பிய பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். குமிழ் மட்டும் உப்பும் மணலும் ஏறி அசையாமல் கிடந்தது.

கிணறெல்லாம் உப்பாகி, பவுசர் லொறியில் வரும் தண்ணீரை ஆளுக்கு அளந்து கொடுத்த நேரம் அது. அந்த நல்ல தண்ணீரில் அண்ணா குமிழைக் கழுவுவதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பேச்சில்லாமல் கிடக்கிறாள், உங்களுக்கு விளையாட்டுக் கேட்கிறதா என்று கத்தி, சட்டியைக் காலால் தட்டிக் கவிழ்த்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அது என்ட பங்குத் தண்ணி, புள்ள.”

அவர் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அடுத்த நாள் பங்கிலும் குமிழைக் கழுவினார்.

பெட்டி ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் மொய்த்தார்கள். மகள் தூர நின்று பார்த்தாள். நாலாம் நாள் காலையில் கிட்டப் போய்க் குமிழைச் சுழற்றினாள். பிறகு திரும்பி, “மாமா, இது இறுகுது” என்றாள்.

“எங்க மனே, பாப்பம்” என்றார் அண்ணா, ஒன்றும் நடக்காதவர் போல. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து தினமும் காலையில் குமிழ் இறுகும். அவள் வந்து முறையிடுவாள். எந்தப் பக்கம், எப்போதிருந்து என்று அண்ணா நூறு கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்வாள். அப்படியே பேச்சு முழுதாக வந்துவிட்டது. உங்கள் கைக்கு வயதாகிவிட்டது, திருத்தியது ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே என்று நான் கேலிகூடச் செய்தேன். அவர் மறுக்கவில்லை.

போர் முடிந்த பின் பார்சல்கள் கட்டுப் பிரிக்கப்படாமலே வந்தன. அண்ணாவுக்கு அது பெரிய அதிசயம். அந்தக் குமிழ்களைத் திருத்திய காசிலேயே மகளைப் படிப்பித்து ஆசிரியையாக்கினார்.

சென்ற ஆண்டு பாரிசவாதம் வந்து அண்ணாவின் பேச்சு போயிற்று. பதினொரு நாள் ஒரு சொல் இல்லை. பன்னிரண்டாம் நாள் மகள் அந்தப் பழைய குமிழைத் தண்டோடு கொண்டுவந்து, அவருடைய அசையும் கையில் வைத்தாள்.

“மாமா, இது இறுகுது.”

அவர் கண்ணைத் திறந்து விரலால் சுழற்றினார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

“பொய்” என்றார். வாய் கோணியபடியே சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வெளியே வந்ததும் மகள் என்னிடம் சொன்னாள்: “முகாமில மாமாவும் பொய்தான் செஞ்சவர், அம்மா. ஒவ்வொரு நாள் காலமையும் குமிழில தேங்காயெண்ணெய் மணத்தது.”

நோய்ப் படுக்கையில் அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், பித்தளை கடையத் தன் பட்டறையைக் கடைசிவரை திறந்துவிட்ட காத்தான்குடி நண்பருக்கும், முப்பத்தோராம் நாள்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து துயரில் பங்குகொண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. நான் கவிழ்த்த சட்டித் தண்ணீருக்கு மட்டும் நன்றி போதாது. அண்ணா, என்னை மன்னித்துவிடுங்கள்.