சூலம் பொறித்த காசு

தொண்ணூறுகளில், ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஓர் அன்ரியின் அப்பார்ட்மென்ட்டில் அறை எடுத்து இருந்தேன். ஊரில் வரலாறு படிப்பித்தவன். இங்கே பாண் தொழிற்சாலையில் ரொட்டித் தட்டு அடுக்கினேன்.

மேலே படிக்கவேண்டுமென்று ஒரு பேராசிரியரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். தொல்லை தாங்காமல் அவர் தன் சேகரிப்பிலிருந்து ஒரு காசை உறையில் போட்டுத் தந்தார். பழைய கிரேக்க நகரமான கொரிந்துவின் வெண்கலக் காசு. ஒரு பக்கம் சிறகு முளைத்த குதிரை, மறுபக்கம் கடல் தெய்வத்தின் சூலம். சூலத்தின் அருகே, பச்சைக் களிம்புக்குள், மிகச் சிறிய ஓர் அடையாளம். அதைக் கண்டுபிடித்து, காசு எக்காலத்தது என்று எழுதி வரச் சொன்னார். எழுத்து தேறினால் மாணவனாகச் சேர்த்துக்கொள்வார். விரல் நகமளவு வெண்கலத்தில் என் எதிர்காலம் முழுவதும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், மேசையில் உறை வெறுமையாகக் கிடக்கிறது. காசு சாமித்தட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், தலையில் ஒரு பூவோடு பளபளத்தது.

"அறை கூட்டேக்கை கண்டனான் தம்பி. சூலம் போட்ட காசை உப்பிடி ஊத்தையா வைச்சிருக்கலாமே? விளக்கோடை சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சு விட்டனான்," என்றார் அன்ரி.

எடுத்துப் பார்த்தேன். களிம்போடு அடையாளமும் போய்விட்டது. குதிரைக்கு முகம் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் தப்பிக் கிடந்ததைப் புளியும் பாத்திரம் தேய்க்கிற கம்பியும் ஒரு காலைப்பொழுதில் தின்றுவிட்டன. வந்த ஆத்திரத்துக்கு விளக்கைத் தூக்கி ஜன்னலால் எறிந்திருப்பேன். ஆனால் போக்கிடம் இல்லாமல் வந்து நின்றவனை ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே எடுத்தவர் அவர். திட்டவும் முடியாத ஒருவர் கையால் கெட்டுப்போனேனே என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது.

பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், இழுப்பறைக்குள் போட்டார், பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார். இந்த நாட்டு மரியாதை எப்படிப்பட்டது என்று போகப்போகத்தான் விளங்கியது. பிறகு நான் எத்தனை தரம் போன் அடித்தும் அவர் எடுக்கவேயில்லை.

சில மாதங்களில் தொழிற்சாலையில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அன்ரி பாயாசம் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தச் சூலத்துக்குப் பூ வைச்சாப் பிறகுதானே தம்பிக்கு வேலை பெர்மனென்ட் ஆனது! என்ன தம்பி?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓம் அன்ரி," என்றேன். மிச்சப் பாயாசத்தையும் குடித்து முடித்தேன்.