பெரட்டில் இரண்டு குரல்

சொந்தச் செலவில் இளையோருக்கு ஒரு நாவல் அச்சிட்டேன். அதில் ஒரு நகரம். விடியுமுன் எல்லாரும் திடலில் நின்று, பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். சொல்லாதவருக்கு வீடு இல்லை. ஒரு பெண் மட்டும் "ஏன் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு மதிலுக்கு அப்பால் பார்க்கப் போகிறாள். அவள் பேருக்குத் தோழி குரலை மாற்றிப் பதில் சொல்கிறாள்.

"எப்படிடி இப்படிக் கற்பனை வருது?" என்றார்கள் மந்தின் டவுனில் என்னோடு வேலை செய்கிறவர்கள். கற்பனையாவது, மண்ணாங்கட்டியாவது! பெடாஸ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இன்றைக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு உண்டு. வேலைவாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். அடிக்கடி ஆள் இல்லையென்றால் வேலையும் போகும், தோட்ட வீடும் போகும்.

பக்கத்து வீட்டு அக்கா இளைப்புக்கார மகனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் காலைகளில், இருட்டில் நின்று அவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னது என் அம்மாதான். அக்கா பிறகு வந்து வேலைக்காட்டில் சேர்ந்துகொள்வார்.

அந்த அக்காவே நாவலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். தோழி குரல் மாற்றும் பக்கம் வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! சொந்தக் காசுல சூனியம் வெச்சிட்டியேடி. வீட்ட காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

"கதைதானேம்மா" என்று வீறாப்பாகச் சொன்னேன்.  ஆனால் பெடாஸில் வாங்கிய மலிவு விலை வீட்டுக்குச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு மண்டோரின் மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. கையில் என் புத்தகம். மகள் பள்ளியில் வாங்கினாளாம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாப்பா, இத நம்ம ஆபீஸ் கிராணி படிப்பாரா?"

"அவரு மலாய்க்காரரு அங்கிள். தமிழ் தெரியாது."

"மேனேஜரு?"

"அவருக்கும் தெரியாது."

தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பேர் கூப்பிடுறவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, எவன் நம்புவான்? ஒரே தொண்ட ரெண்டு பேருக்குப் பதில் சொன்னா எனக்குத் தெரியாதா லா? தெரிஞ்சேதான் வந்ததா பேர் போட்டேன். மாட்டினா மொதல்ல போறது என் வீடு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல பாப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இவருக்குப் பயந்து நாங்கள் செத்துக்கொண்டிருக்க, இவர் எனக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"தெரிஞ்சும் ஏண்ணே போட்டீங்க?"

"போடலன்னா அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு அவ எங்க போவா தங்கச்சி?"

 அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்கண்ணே, காப்பி கலக்குறேன்" என்று உள்ளே போனாள்.