பரிசோதகர் வருமுன் நான் கழுவிய முற்றம்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வளவில் நான்கு வீடுகள். நான்குக்கும் சேர்த்து ஒரே மலக்குழி. அதன் மூடி வெடித்திருந்தது. மழை பெய்தால் கழிவுநீர் பொங்கி எல்லார் வாசலாலும் ஓடும். வெள்ளவத்தையில் இருக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லாத மாதமில்லை. "பாப்பம், பாப்பம்" என்பார்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு அப்போது நிறைமாதம். பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அவள் இந்த வாசலுக்குத்தான் வரவேண்டும். அதற்குள் குழியைத் திருத்துவிக்க, அக்கா வேலைக்கு லீவு போட்டு மூன்று தரம் மாநகரசபைக்கு அலைந்து முறைப்பாடு கொடுத்தார். சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளன்று பார்த்து மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

"தம்பி, நீர் நிண்டு எல்லாத்தையும் காட்டிவிடும். வாய் திறந்து கதைக்கவேணும். தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்காதையும்."

"ஓம் அக்கா."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூட்டை இறக்குவது தொழில். ஓர் உத்தியோகத்தர் எங்கள் வாசலுக்கு வருவது அதுதான் முதல்முறை. விடிந்ததும் முற்றத்தைப் பார்த்தேன். முதல்நாள் மழைக்கு எல்லாம் வெளியே வந்து கிடந்தது. இதை மிதித்துக்கொண்டா அவர் வருவார், எங்களை என்னவென்று நினைப்பார் என்று உடம்பு கூசியது. வாளியால் அள்ளித் தெருக்கானில் ஊற்றினேன். தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவினேன். மூடியின் வெடிப்பில் சீமெந்து பூசி, மேலே ஒரு பூச்சட்டியையும் தூக்கி வைத்தேன். மனைவி பிஸ்கட் வாங்கி வந்தாள்.

"எங்க மல்லி பிரச்சின?" என்று பரிசோதகர் கேட்டார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். தம்பி என்பதற்கு மல்லி என்றார்.

"மழைக்கு... கொஞ்சம் வரும், சேர்."

"எங்கட ஒபிஸ விட இங்க சுத்தம்!" என்று சிரித்தார். தேநீர் குடித்து, ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் வீட்டுக்காரர் போன் எடுத்தார். "வந்தவர் ஒரு குறையுமில்லை எண்டு எழுதிப்போட்டாராம். நீர் குழப்படியில்லாத ஆள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி." அந்தப் பாராட்டைக் கேட்டபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

கிளினிக்கிலிருந்து வந்த அக்கா வாசலில் நின்று பிளீச்சிங் மணத்தை மோந்து பார்த்தார். "என்ன, அந்தாள் பொம்பிளை பாக்கவே வந்தவர்? பூச்சட்டி வேற!" மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் மாநகரசபைக்குப் போனேன். பரிசோதகரின் மேசை முன்னால் நின்று, "சேர், நான்தான் கழுவினனான்" என்றேன்.

"ஏன் மல்லி?"

வெட்கத்தில் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவர் என்னையே பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்கு வாறன். தண்ணி ஊத்த வேணாம்" என்றார்.

சொன்னபடி வந்தார். மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு, காற்சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி முற்றம் முழுக்க நடந்தார். எங்கிருந்து பொங்குகிறது, எந்தெந்த வாசலால் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. இரண்டு கிழமைக்குள் திருத்தாவிட்டால் வழக்கு.

குழியைத் திருத்துமுன்பே பிள்ளை பிறந்துவிட்டது. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் மழை. நான் பலகைகளைக் கொண்டுவந்து வாசல்வரை போட்டு, அவை ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். அக்கா பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, பலகையில் காலடி பார்த்து வைத்து என்னைக் கடந்து போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் என் கணுக்கால்வரை நின்றது.