மகரந்தம் இல்லாத வரிசை

காலை ஏழு பத்து. பண்ணை வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டவர், வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர். துப்பாக்கி மடியில் கிடந்தது. காலடியில் சிவப்புத் துணிக் கிழிசல்கள் குவிந்திருந்தன.

கேரியரிலிருந்து இறங்கிய என் மனைவி அந்தத் துணிகளைப் பார்த்தாள். நடக்கத் தொடங்கி, பிறகு ஓடினாள்.

அவள் மரபியல் படித்தவள். நன்னிலத்துக்குக் கிழக்கே இருந்த அந்த அரசுப் பண்ணையில் நெல்லின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்துவந்தாள். நெல் பூவுக்குள் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் வெளிக்கலப்பு அரிது. இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டுமானால், பூ திறக்கும் முன்பே உமியின் நுனியை வெட்டி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பூவாக. எங்கள் வீட்டில் டம்ளருக்குள் கரண்டியோடு இடுக்கியும் நிற்கும்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு நாட்டு ரகத்தில், மகரந்தம் சுருங்கிப்போன செடி ஒன்று அவளுக்குக் கிடைத்தது. இடுக்கியே வேண்டாத செடி. பக்கத்தில் வேறு ரகத்தை நட்டால் காற்றே கலப்பை முடித்துவிடும். கூடுதலாக விளையும் கலப்பு விதையை வயல் வயலாக எடுக்கலாம். பல பருவங்கள் கலந்தும் அந்தக் குணம் அழியவில்லை. அந்த ஆண்டு கையிலிருந்த விதை முழுவதையும் ஒரே வரிசையாக நட்டிருந்தாள். உலகத்தில் அந்த நெல் வேறெங்கும் இல்லை.

நடவுப் பெண்களுக்கு அது வேடிக்கை.

“ஆம்பளை இல்லாத நெல்லா டாக்டரம்மா? அப்பறம் எப்படிப் புள்ள பெக்கும்?”

“பக்கத்து வயல்லேருந்து காத்து கொண்டாரும்.”

“அப்ப எங்க தெருக் கதைதான்” என்றாள் ஒருத்தி. வரப்பு முழுக்கச் சிரிப்பு.

கதிர் முற்றும்போது மற்ற நெல் பாரத்தில் தலை சாயும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே மணி பிடித்த இவளுடைய வரிசை விறைத்து நிற்கும். விதை நெல்லை அறுக்குமுன் அப்படி மாறுபட்டு நிற்கும் குத்துகளைக் கலவன் என்று வேரோடு பிடுங்கி எறிவது வழக்கம். அதனால் வரிசையின் ஓரத்தில் குச்சி நட்டு, பழைய பாவாடையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். பழுத்த வயலில் சிவப்புதான் தூரத்திலிருந்து தெரியும். அது எதற்கென்று பண்ணைப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தை மாதம் அவர்கள் வேலைக்கு வரவில்லை. தாலுகா முழுவதும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். மிராசுதார்கள் கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து ஆள் கொண்டுவந்து போலீஸ் காவலில் அறுத்தார்கள். அதைத் தடுக்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் வயல்களில் செங்கொடி நட்டார்கள். பண்ணைக்கு அமைச்சர் வருவதாக இருந்ததால் அங்கும் வெளியாட்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிட்டு அனுப்ப என் மனைவி மறுத்துவிட்டாள். அவர்கள் கேட்பது நியாயம் என்றாள்.

நான் வயலை எட்டியபோது பண்ணை மேலாளர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். மிராசுதார் குடும்பத்துக்காரர்.

“கொடி நட்டுட்டானுங்கம்மா. நம்ம பண்ணையிலயே! நல்லவேளை, ஏட்டய்யா வந்து எல்லாத்தையும் பிடுங்கிப்புட்டாரு.”

“அது கொடி இல்லீங்க. என் பாவாடைத் துணி.”

பின்னாலேயே வந்திருந்த போலீஸ்காரர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “அப்ப பாவாடையும் சங்கத்துல சேந்துருச்சுன்னு சொல்லுங்க.”

மேலாளர் சிரித்தார். என் மனைவி வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “ஆளுங்க எதைப் பிடுங்குனாங்க?”

“கலவனைத்தான். ஒண்ணு விடல. பாருங்க, பாய் விரிச்ச மாதிரி இருக்கு.”

வயல் அப்படித்தான் இருந்தது. நடுவில் ஒரு வரிசை அகலத்துக்கு ஈரமண் தெரிந்தது.

“அறுத்திருந்தாக்கூடத் தாளிலேருந்து மறுதாம்பு துளிர்த்திருக்கும்” என்று என்னிடம் சொன்னாள்.

பிடுங்கிய குத்துகள் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தன. தொட்டியில் மிச்சமிருந்ததை அவள் கையால் அலசினாள். கிடைத்த சில மணிகளை வீட்டில் ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை.

அமைச்சர் வரவில்லை. போலீஸ் தந்த செய்தி நான் நிருபராக இருந்த பத்திரிகையிலேயே வந்தது: அரசுப் பண்ணையில் செங்கொடிகள் அகற்றம். நான் அனுப்பிய திருத்தம் வரவில்லை. டிரங்க் காலில் கேட்டேன். “பாவாடைத் துணியெல்லாம் செய்தியா சார்?” என்றார் செய்தி ஆசிரியர்.

விதையைக் காட்டாமல் அவள் சொன்னதை எந்த ஆய்விதழும் ஏற்கவில்லை. மறு ஆண்டு அவளைக் கல்லூரிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை மகரந்தம் பற்றிப் பாடம் நடத்தினாள். அவளிடம் படித்தவர்கள் பல ஊர்களில், பல நாடுகளில் மலட்டு மகரந்தத்தை ஆராய்கிறார்கள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். அமைச்சர்கள் வந்த பாராட்டு விழாக்களில் நெல் பயிரின் தாய் என்று அவளை அழைத்தார்கள். அவள் விழாச் சால்வைகளைப் பெட்டியில் கூட வைப்பதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடுவாள்.

அவள் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், நன்னிலம் கடைத்தெருவில் வீரிய ஒட்டு நெல் விதை விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த, மகரந்தம் மலடான தாய்ச்செடியின் விதை. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும் என்று பையின் மேல் அச்சிட்டிருந்தது.