டங் மரம், டொக் மரம்

மரம் என்று எதைக் கண்டாலும் அவருக்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்தாக வேண்டும். நடுவிரலை மடக்கி, முட்டியால் ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப்போவது போலக் காத்திருப்பார். வங்கி மேசை, பேருந்து நிலையத்து பெஞ்சு, அடுத்த வீட்டுக் கதவு, எதுவும் தப்பாது. அடுத்த வீட்டுக்காரர் முதலில் ஓரிரு முறை கதவைத் திறந்து "என்ன விஷயம்?" என்று கேட்டார். பிறகு திறப்பதையே விட்டுவிட்டார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் தொட்டிலைத் தட்டிவிட்டுத்தான் குழந்தையைப் பார்த்தார். தெருவில் அவருக்குப் பெயரே டக்டக்.

கிட்டார் செய்வது அவர் தொழில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவிக்கும் அந்தப் பதில் காதில் விழப் பழகிவிட்டது. 'டங்' என்றால் நல்ல மரம். அவர் முகம் மலரும். 'டொக்' என்றால் விறகு. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. யாராவது வந்தால் டீயைக் கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றுகொள்வாள். நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வாள்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, கூரையிலிருந்து தொங்கும் பாதிக் கிட்டார்கள், பசையும் மரத்தூளும் கலந்த வாசனை. உட்கார ஒரே ஒரு முக்காலி. அதில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மெல்லிய பலகையை நனைத்து, சூடான குழாயில் வைத்து, அது கிட்டாரின் இடுப்பாக வளையும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். வளைந்ததும் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சைக் கேட்ட பிறகுதான் அவள் டீ கொண்டுபோவாள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் டாக்டரம்மா ஒருநாள் தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். டக்டக் செய்து கொடுத்ததுதான், நன்றாகவே இருந்தது.

"மாஸ்டர், நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வச்சிருக்கோம். என் கிட்டார் எனக்கே கேக்க மாட்டேங்குது. பின்னாடி ஒருத்தர் ட்ரம்ஸ் அடிக்கிறாரு பாருங்க, எந்த ஜென்மத்துப் பகையோ தெரியல. எனக்கு ஒரு எலக்ட்ரிக் செஞ்சு குடுங்க."

"அது கடையிலயே தொங்குதே, டாக்டரம்மா."

"தொங்கட்டும். உங்க கழுத்துல கை வச்சாத்தான் எனக்குப் பாட்டே வருது."

கதவோரத்தில் நின்றவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்டாரோட கழுத்தச் சொன்னேம்மா. வெளியில யாராவது கேட்டா என்ன நெனப்பாங்க!"

அவர் யோசித்தார். மேசையை ஒரு தட்டு தட்டினார். "சரி, செஞ்சு பாப்போம்" என்றார்.

அவள் தம்பி ரேடியோ, ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவன். அவன் ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரைப் பிரித்துக் காட்டினான். கம்பிகளுக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு காயில். "இதுதான் மாமா காது. இத ரெடிமேடா வாங்கிக்கலாம்."

"என் கிட்டாருக்கு ஊரான் காதா? போ மாப்ள."

அவரே சுற்ற உட்கார்ந்தார். செம்புக் கம்பி அறுந்தது. மறுபடி உட்கார்ந்தார். மறுபடி அறுந்தது. உளி பிடித்த கைக்கு அது பிடிபடவில்லை. கதவோரத்திலிருந்து, "நான் சுத்தட்டுமா?" என்று ஒரு குரல் வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, ஆமால்ல!" என்றான் தம்பி. "அக்கா சுத்துன ஃபேன் இன்னும் நம்ம வீட்ல ஓடுது மாமா!"

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அவள் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்குப் போனவள். கல்யாணம் வரை அங்கேதான் இருந்தாள். எல்லோரும் மறந்துவிட்டார்கள். விரல் மறக்கவில்லை. கம்பியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே விட்டு, இழுக்காமலும் தொய்யவிடாமலும் அவள் சுற்றிக் காட்ட, அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். மேல் அலமாரியை எட்டுவதற்காக அங்கே கிடந்த முக்காலியை எடுத்துவந்து மேசையருகே போட்டார். "நின்னுக்கிட்டே எப்படிச் சுத்துவ? உக்காரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது. காலை வேலைகளை அவசரமாக முடித்துக்கொண்டு தினமும் வந்துவிடுவாள். இந்தக் கிட்டார் நல்லபடியாக வந்தால் முக்காலி இங்கேயே இருக்கும். வராவிட்டால் அது மறுபடி சமையலறைக்குப் போகும், தான் கதவோரத்துக்குப் போக வேண்டும். அவளுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது.

காயில் முடிந்ததும், "எங்க கடையில கடைசியா வார்னிஷ் ஊத்துவோம். கம்பி அசையாம இருக்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"வார்னிஷா? அதுக்கு மூச்சு முட்டிடும்!" மரத்துக்கே வார்னிஷைப் பட்டும் படாமலும் பூசுகிறவர் அவர். அவள் காயிலை அப்படியே எடுத்து நீட்டினாள்.

உடம்புக்கு எடுத்த பலகையையும் அவர் சும்மா விடவில்லை. உள்ளே குடைந்து குடைந்து, பின்னால் மெல்லிய பலகை ஒட்டி, தட்டினார். டங்!

"எலக்ட்ரிக்னா கட்டை மாதிரி இருக்கணும் மாமா" என்றான் தம்பி.

"கட்டை செய்யறதுக்கு நான் எதுக்கு? விறகுக்கடைக்காரன் போதுமே."

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். தம்பி ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கி வந்தான். சத்தம் குறைவாக வைத்து வாசித்தபோது தேனாக இருந்தது. அவர் மீசைக்குள் சிரித்தார். "மேடைக்கு இது பத்தாது, ஏத்துங்க" என்றார் டாக்டரம்மா. தம்பி சத்தத் திருகைத் திருப்பினான்.

முதலில் மாடு அலறுவது போல ஓர் ஓசை. அதன்மேல் காதைக் கிழிக்கும் விசில். டாக்டரம்மா கையை எடுத்த பிறகும் கிட்டார் தானாகவே ஊளையிட்டது. பல வருஷம் கழித்து அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. தம்பி பாய்ந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தான்.

"அக்கா, காயில்ல ஏதாச்சும் கோளாறோ?"

அவள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவரோ, "அவ மேல தப்பில்லடா" என்றார். "எனக்குத்தான் இது ஒத்துவரல. டாக்டரம்மா, நீங்க கடையிலயே வாங்கிக்கங்க." மேசையில் கிடந்த செம்புச் சுருளை டப்பாவில் போட்டார். சிராய்களை ஒதுக்கினார். பிறகு, எடுத்து வைக்கிற வேகத்தில், அவளுடைய முக்காலியையும் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"அத அங்கயே வைங்க!"

எல்லோரும் திகைத்துப்போனார்கள். அவளும்தான். அவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் இனி நிறுத்த முடியாது. "நீ போடுடா" என்றாள் தம்பியிடம்.

ஊளை மறுபடி கிளம்பியது. அவள் கிட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மாட்டுச் சத்தம் அடங்கியது. விசில் மட்டும் அடங்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, காயிலை நகத்தால் தொட்டாள். ஸ்பீக்கரில் 'டிக்' என்றது.

"கேட்டீங்களா? நான் கிட்டார் கம்பியத் தொடவே இல்ல. ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து பலகைய ஆட்டுது, காயிலையும் ஆட்டுது. அந்த ஆட்டம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போகுது. இதுல கம்பி மட்டும்தாங்க ஆடணும். மத்ததெல்லாம் சும்மா இருக்கணும்."

அவர் முக்காலியைக் கையில் பிடித்தபடியே வந்து, கிட்டாரை ஒரு தட்டு தட்டினார். "டங்னு நல்லாத்தானே சொல்லுது" என்றார், குறைப்பட்டுக்கொள்கிற குரலில்.

"அதாங்க தப்பு."

"உள்ள குழி இருக்கா, மாஸ்டர்?" என்று டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "குழி இருந்தா அடைச்சிர வேண்டியதுதான். தினமும் நான் அதத்தானே செய்யறேன். வலிக்காது, பயப்படாதீங்க."

முதலில் சிரித்தது அவர்தான். முக்காலியைப் பழைய இடத்திலேயே போட்டார்.

பின்பலகையைப் பெயர்த்து, பல நாளாக மூலையில் 'டொக்' என்று கிடந்த ஒரு கட்டையைக் குழிக்கு அளவாக இழைத்து ஒட்டினார். காயில் கம்பி அசையாமலிருக்க, வார்னிஷுக்குப் பதிலாக அவள் மெழுகுவர்த்திகளை உருக்கிக் காயிலை அதில் முக்கி எடுத்தாள்.

"பால் காய்ச்சற பாத்திரமாச்சே!"

"இனிமே அது பட்டறைப் பாத்திரம். எனக்கு வேற வாங்கிக் குடுங்க."

எல்லாம் முடிந்து அவர் தட்டினார். டொக். கசப்பு மாத்திரையைக் கடித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார். தம்பி திருகைக் கடைசிவரை திருப்பினான். ஊளை இல்லை. டாக்டரம்மா ஒரு கம்பியை மீட்டினார். அது மட்டும் எழுந்து, அறையை நிறைத்து, நின்று நிதானமாக ஓய்ந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பரவால்ல. கட்டையும் பாடுது" என்றார்.

குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு அவர்கள் போனார்கள். ட்ரம்ஸ்காரர் பகை தீர அடித்தார். அப்படியும் கிட்டார் தனியாகக் கேட்டது. மண்டபத்தின் கடைசி வரிசையில் அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர், நாற்காலிக் கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் மரக்கடைக்குப் போனால் அவர் ஒவ்வொரு பலகையையும் தட்டுகிறார். டங் என்பது ஜன்னல் பக்கம் சேர்கிறது. டொக் என்பது அவள் பக்கம். மேசையில் இன்று இரண்டு சாதாரணக் கிட்டாரும் ஒரு எலக்ட்ரிக்கும் வேலையில் இருக்கின்றன. காயில் எல்லாம் அவள் சுற்றுகிறாள். பட்டறையில் இரண்டு முக்காலி. சமையலறை மேல் அலமாரிக்கு ஒரு சின்ன ஏணி வாங்கியிருக்கிறார்கள்.