பெட்டியைப் பிடுங்கிய புதன்கிழமை

“ஐயா, பெட்டி விண்டோஸுக்குத் தெரிய மாட்டேங்குது. மூணு தரம் கழட்டிக் கழட்டிக் குத்திட்டேன்” என்று முதலாளி போனில் சொன்னார். புதன்கிழமை எனக்கு வேலையில்லாத நாள். கண்டி மஹய்யாவவில் உள்ள என் வீட்டில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“கழட்ட முந்தி ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சு?”

“அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன். பாதியில நின்னுருச்சு. நீங்கதானே சொன்னீங்க, தெரியலன்னா கழட்டிக் குத்துங்கன்னு.”

சொன்னேன்தான். அப்டேட் கேட்டால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். இரண்டில் ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கண்டி நகரில் காது மெஷின் விற்கும் கடை எங்களுடையது. மெஷினைக் காதில் மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரின் காதுக்கும் ஏற்ற சத்த அளவுகளைக் கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். ஏற்றுவதற்கு யூஎஸ்பியில் குத்தும் சிறிய பெட்டி ஒன்று உண்டு. அதற்கான சொப்ட்வெயார் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

கடைக் கணினியை வைரஸ் இரண்டு முறை தின்றது. புதிய விண்டோஸ் அந்தக் கிழட்டுக் கணினியில் ஏறவில்லை. புதிதாக ஒன்று வாங்க முதலாளிக்கு மனமில்லை. தொலைபேசித் திருத்த வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்ற நான், அதில் லினக்ஸைப் போட்டேன். லினக்ஸுக்குள், தனிக் கணினிபோல் நடிக்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினை வைத்து, அதற்குள் பழைய விண்டோஸை உட்காரவைத்தேன். தான் இன்னொருவர் வீட்டில் இருப்பது விண்டோஸுக்குத் தெரியாது. ஆனால் யூஎஸ்பியில் எதைக் குத்தினாலும் அது முதலில் லினக்ஸின் கைக்குத்தான் வரும். அதனால் பெட்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, இந்த எண் வந்தால் உள்ளே அனுப்பு என்று அமைத்தேன். சில காலைகளில் பெட்டி உள்ளே போகாது. கழற்றிக் குத்தினால் போய்விடும்.

பதினான்கு மாதம் ஒரு கரச்சலும் இல்லை. அதற்கு முதலாளி தந்த சன்மானம் இது: “இப்ப ஒண்ணும் பழுதாகுறதில்லையே ஐயா, தினமும் எதுக்கு வந்து கஷ்டப்படணும்?” ஆறு நாள் வேலை மூன்று நாளாயிற்று.

முதலாளி யெஸ் கொடுத்தது பெட்டிக்கான அப்டேட். அது நடக்கும்போது பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொண்டு, வேறோர் அடையாள எண்ணுடன் எழும்பும். அந்தப் புதிய எண்ணை லினக்ஸ் அறியாது. ஆகவே தன்னிடமே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் உள்ளே காத்துக்கொண்டிருக்கும். திரையில் எல்லாம் நின்றுவிட்டதுபோல் தெரியும். அப்போது என்னைக் கூப்பிட்டிருந்தால் போனிலேயே இரண்டு கிளிக்கில் உள்ளே அனுப்பியிருப்பேன். முதலாளி பிடுங்கினார். பிறகு திரும்பக் குத்தி, மெனுவில் எதையோ அமுக்கித் தானே உள்ளே அனுப்பியும் இருக்கிறார். பெட்டிக்குள் அப்டேட்டை எழுதுவது தொடங்கிய பிறகு, பொறுமையில்லாமல் மறுபடியும் பிடுங்கினார். எழுதும்போது பாதியில் பிடுங்கினால் பெட்டி செத்துவிடும்.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் விளக்கே இல்லை. எதிரே கதிரையில் ஹாஜியார். நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருக்காக வந்த புதிய மெஷின் ஜோடி, அளவு ஏற்றாமல் மேசையில் கிடந்தது. காதருகே குனிந்து கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். அவர் பேசினாலோ தெருவுக்கே கேட்கும்.

“வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு மகன்மார் மூணு பேரும் கூடிப் பேசப் போறானுகள் ஐயா. வாப்பா இனி கல்லாவுல ஈக்கிறதா, வூட்டுல ஈக்கிறதாண்டு முடிவெடுக்கவாம். எனக்கு எழுதிக் காட்டுவாங்களாம். எழுத்துல எவன் பல்லக் கடிக்கிறாண்டு தெரியுமா?”

நான் குனிந்தேன். “இது இப்ப சரிவராது ஹாஜியார். கொழும்புல இதே பெட்டி இருக்கு. நாளைக்கே போயிட்டு வந்துருங்க.”

முதலாளி என் முழங்கையை இடித்தார். கொழும்புக்குப் போன வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்பது அவர் பயம். “ஐயா சும்மா பயப்படுத்துறாரு. நாளைக்குச் சரியாகிரும் ஹாஜியார்!” என்று அவரும் குனிந்து கத்தினார்.

ஹாஜியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கொழும்புக்கு என்னய யாரு கூட்டிட்டுப் போற? என்ட மகன்மாரா?” என்று சிரித்தார். “முதலாளி நாளைக்கிண்டு சொல்றாரு. நாளைக்கே வாறேன்.”

வியாழன் வந்தார். வெள்ளி காலையிலும் வந்தார். செத்த பெட்டியை எழுப்ப எனக்குத் தெரிந்த ஐந்து வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். அன்று முதலாளி அவருக்குச் சொன்ன காரணம்: “எல்லாம் நம்ம ஐயா போட்ட லினக்ஸால வந்தது.” அதை மட்டும் அவசரப்படாமல், மிகத் தெளிவாகக் காதில் சொன்னார்.

புதிய பெட்டி அடுத்த மாதம்தான் வந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். விர்ச்சுவல் மெஷினில் அன்றாட வேலை நடக்கிறது என்பதற்காக அப்டேட்டும் நடக்கும் என்று நம்பாதீர்கள். அதற்கென்று உண்மையான விண்டோஸ் உள்ள கணினி ஒன்று, எவ்வளவு பழையதானாலும், தனியாக இருக்கட்டும். முதலாளி வாங்கித் தரமாட்டேன் என்றால் அந்த வேலையைப் பொறுப்பேற்காதீர்கள். நான் ஏற்றேன். நொந்தது இன்னொருவர்.

ஹாஜியாருக்கு அளவுகளை நானே ஏற்றினேன். இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது. மகன்மார் கூடிய அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று சாதாரணக் குரலில் கேட்டேன்.

“மூணு வாயும் அசஞ்சிச்சு. மூத்தவன் என்னயப் பாத்து என்னமோ கேட்டான். மொகம் நல்லாத்தான் இருந்திச்சு, தலைய ஆட்டினேன்” என்றார். “கல்லாவ அவனுக்கு நான் விட்டுக் குடுத்தது அந்தத் தலையாட்டுலதானாம்.”

இந்த மெஷின்களில் வீட்டுக்கு ஓர் அளவும், இரைச்சலான இடத்துக்கு வேறோர் அளவும் வைக்கலாம். வீட்டளவு முடிந்திருந்தது. “அடுத்தது கடைக்கு வைக்கணும் ஹாஜியார். கொஞ்சம் இருங்க” என்றேன்.

“அது என்னத்துக்கு ஐயா?” என்றபடி எழுந்தார்.

கடைக்கான இரண்டாவது இடத்தை வெறுமையாகவே விட்டு, சேவ் கொடுத்தேன்.