இன்வெர்ட்டர் பூட்டும் நிச்சயதார்த்த ஜாக்கெட்டும்

கச்சிராயபாளையத்தில் எங்கள் மொட்டைமாடிக்கு சோலார் தகடுகள் ஏறிய அன்று, இனி வெயிலும் நம் வீட்டு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை. தெருவில் மின்சாரம் போனால் சோலாரும் கூடவே நின்றுவிடும். கல்வராயன் மலைமேல் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லாத பகலில், இன்வெர்ட்டர் பெட்டி சுவரில் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

என் மனைவி ஜாக்கெட் தைப்பவள். மெஷினுக்கு மோட்டார் உண்டு. அவளால் அந்தச் சிவப்பைப் பொறுக்க முடியாது. பெட்டியை மாட்டிய பாய் கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருப்பவர். சர்வீஸுக்கு வந்தவரை மடக்கினாள்.

"இன்னா பாய், வெயில் இப்பிடி காயுது, ஒங்க பொட்டி தூங்கிக்கினு இருக்குதே?"

"லைன் செத்தா அதுவும் அடங்கிடணும் தங்கச்சி. உள்ள செட்டிங்ல இருக்குது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சிருக்கோம்."

"அத்த எங்கிட்ட சொன்னா இன்னா?"

"எங்க வூட்டம்மாகிட்டயே சொன்னதில்ல!"

சிரித்தபடி உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினார். விரல்களை மறைக்கவில்லை. கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தியின் கழுத்து வெட்டை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு மறுநாள் அப்படியே வெட்டுகிறவள் என் மனைவி.

அடுத்த மாதப் பராமரிப்பு மின்தடை. மறுநாள் காலை எங்கள் தெரு லைன்மேனின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் கை இன்னும் ஏறவில்லை. என் மனைவி எழுந்தாள், பெட்டியின் முன் நின்றாள், மேலே மூன்று, பக்கத்தில் ஒன்று, கீழே இரண்டு என்று விரலை ஓட்டினாள். பூட்டு திறந்தது! நான் தடுக்கவில்லை. கைதட்டாத குறைதான். உள்ளே ஆங்கிலத்தில் வரிவரியாக ஏதேதோ. எதை மாற்றுவது என்று தெரியாமல், அவளே பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். திருடிய சாவியோடு வீட்டுக்காரரிடமே வழி கேட்கிறவள்.

பாய் போனிலேயே அதட்டினார்.

"தங்கச்சி, மொதல்ல கைய எடு. ஜன்னலாண்ட போ. கம்பத்துல யாரு?"

பார்த்தோம். லைன்மேன். இடுப்பில் கயிறு, வெறும் கை கம்பியின்மேல்.

"அவுரு தொட்டுக்கினு இருக்கிற கம்பி செத்துதான் இருக்கணும். ஒங்க மாடியிலருந்து கரண்ட் போய் அத்த எழுப்பிடக்கூடாது. அதுக்குத்தாம்மா பூட்டு."

அவள் பொத்தானைத் தொட்ட விரலைப் புடவையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, மோட்டாரைக் கழற்றி பெல்ட்டைக் கால் சக்கரத்தில் மாட்டித்தரச் சொன்னாள். முழங்கால் வலியோடு மிதித்துக்கொண்டே, தையலுக்கு ஒருமுறை ஜன்னலைப் பார்த்தாள்.

லைன்மேன் இறங்கி வந்தார்.

"ஏம்மா, ஜாக்கெட் ஆச்சா?"

"கரண்ட்ட நிறுத்திட்டு ஜாக்கெட் கேக்குறீங்களே, நல்லா இருக்குதா ஞாயம்?"

அவர் சிரித்தார். அவள் மோர் கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள்.

அந்த வாரமே பாயை வரவழைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிபோச்சி பாய். மறக்கவும் வராது. நம்பர மாத்திட்டுப் போங்க."

பாய் பெட்டியைத் தொடுமுன்பே அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நீங்களும்தான்" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அப்போதும் பொத்தான் சத்தம் டிக், டிக்கென்று கேட்டது. அவளுக்கு எண்ணிவிடுகிற காது. ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்து, ஒரு வெட்டுத் துணியை ஊசிக்கடியில் கொடுத்து, பாய் "ஆச்சிம்மா" என்கிற வரைக்கும் கடகடவென்று தைத்துக்கொண்டே இருந்தாள்.